கறி கடல் கடந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் சங்கப் பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். மலைச்சாரலில் கறிக்கொடி படர்ந்த காட்சி வந்தது. பின்வரிசையில் சிரிப்பொலி. "ஐயா, கறி கொடியிலயா காய்க்கும்?" என்றான் ஒரு மாணவன். அவன் ஊரில் கறி என்றால் ஆட்டிறைச்சி.

நாமும் சிரித்துவிட்டு, சங்கப் புலவர்க்குக் கறி என்பது மிளகு என்றோம். கறித்தல் என்றால் கடித்தல், மெல்லுதல் என்பதையும் சொன்னோம். இன்று சில இல்லங்களில் வதக்கிய காய் கறி. யாழ்ப்பாணத்தில் காய்களுக்கு மரக்கறி என்றே பெயர். சொல் ஒன்றுதான்; ஊருக்கொரு பொருள்.

அந்த உற்சாகத்தில், "ஆங்கிலேயர் உண்ணும் 'கரி'யும் தமிழ்ச்சொல்லே" என்று பெருமிதத்தோடு முடித்தோம். ஒரு மாணவி எழுந்தாள். "ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே 'ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்றொரு சமையல் நூல் இருக்கிறதே ஐயா?" நமக்கு விடை தெரியவில்லை. நாளை சொல்வதாகக் கூறி வெளியேறினோம்.

மாலையில் நூலகத்தில் அமர்ந்தோம். அந்நூல் ஏறத்தாழ 1390இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்தது. அங்கே 'க்யூரி' என்றால் சமையல். பிரெஞ்சு வழி வந்த சொல். முகமன் கூறித் தயவு பெறுதலைக் குறிக்கும் 'கரி ஃபேவர்' என்பதோ, குதிரையைத் தேய்த்துவிடும் பழைய பிரெஞ்சு வினையில் பிறந்தது. ஒலி ஒன்று, குலம் வேறு.

உணவுக் 'கரி'யின் வழி தனி. போர்த்துகீசியர் அதனைக் 'கரில்' என்றனர். 1598இல் வெளிவந்த லின்ஸ்கோட்டன் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அச்சொல் தலைகாட்டியது. 1747இல் ஹன்னா கிளாஸ் தம் சமையல் நூலில் செய்முறையே தந்தார். முதற்பதிப்பில் அவர் சேர்த்த நறுமணப் பொருள்கள் மிளகும் கொத்தமல்லி விதையும். கறியில் மீண்டும் மிளகு!

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. போர்த்துகீசியர் முதலில் காலூன்றியது மேற்குக் கரையில். மலையாளத்திலும் கன்னடத்திலும் இச்சொல்லுக்கு உறவு உண்டு. அவர்கள் எந்த வாயிலிருந்து கேட்டனர் என்று அறுதியிட நம்மிடம் சான்றில்லை.

மறுநாள், "மாணவி காட்டிய நூலுக்கும் கறிக்கும் தொடர்பில்லை; ஆனால் நாம் நேற்றுச் சொன்னதும் முழு உண்மையன்று. 'கரி' தென்மொழிகளின் பொதுச்சொத்து" என்றோம். சொல்லும்போது நா சற்றுத் தயங்கியது. இருபதாண்டு ஆசிரியப் பணியில் வகுப்பின்முன் ஒரு கூற்றைத் திருத்திக்கொண்டது அதுவே முதன்முறை. அன்று எவரும் சிரிக்கவில்லை.