மாம்பலத்துக் கிணறு

மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்களை ஒரு காலத்தில் இரண்டைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். கொசு, யானைக்கால். தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்த தி.நகர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு தெரியும். அவர்கள் வீடு நிற்பதே ஏரிக்குள்தான் என்பதை யாரும் அவர்களுக்கு ஞாபகப்படுத்துவதில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரன் வரைபடத்தில் அதன் பெயரே ‘லாங் டேங்க்’. 1920களில் நீதிக்கட்சி ஆட்சி அதை வடித்து, மேடாக்கி, மனை பிரித்து, தியாகராயச் செட்டியார் பெயரை வைத்தது. எங்கள் பக்கத்தில் மிஞ்சியது ‘லேக் வியூ ரோடு’ என்ற பலகை மட்டும். அதில் நின்று பார்த்தால் மாவு மில்லும் சைக்கிள் கடையும் தெரியும்.

ஏரி போனாலும் அதன் ஈரம் மண்ணுக்குள் வெகுகாலம் இருந்தது. எங்கள் ஒண்டுக்குடித்தனத்துக் கிணற்றில் கார்த்திகை மாதம் குனிந்து சொம்பாலேயே மொள்ளலாம். அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே ராட்டினம், ஒரே தாம்புக்கயிறு. விடிவதற்கு முன்னால், வேறு யார் கையும் படாமல், பாட்டி மடித் தண்ணீர் சேந்தி வைத்துவிடுவாள். ராட்டினத்தின் கிரீச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரை அவள் சமையலுக்குச் சேர்க்க மாட்டாள். குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறதாம். கிணறு இருந்தவரை அந்த ஆசாரம் செல்லுபடியானது. பின்வரிசைக் குடிசைகளில் கிணறும் இல்லை, ஆசாரமும் இல்லை. தெருக்குழாயில் சொட்டுகிற நேரத்தில் பிடித்தால் உண்டு.

1983 கோடையில் ஏரிகள் வற்றின. எங்கள் கிணற்றில் வாளி ‘ணங்’ என்று தரையில் இடித்தது. உறை இறக்குகிறவர்களைக் கூட்டிவந்து, கீழே இன்னும் இரண்டு உறை இறக்கினார்கள். ஒருவர் உள்ளே நின்று சேற்றைக் கூடையில் வாரிக் கொடுக்க, மேலே வந்து விழுந்தது கரிய களிமண். ஏரி வண்டல் என்றார் அவர், முகர்ந்து பார்த்துவிட்டு. பாட்டி அன்றைக்குத்தான் லாரித் தண்ணீருக்கு இறங்கிவந்தாள். பூண்டித் தண்ணீர் என்று யாரோ சொன்னதும், “கண் போனவனுக்குக் கோல் கொடுத்த சாமிடா அது. போகட்டும், குடிக்கலாம்” என்றாள்.

அவள் கணக்கே தனி. கண்ணிழந்த சுந்தரருக்குச் சிவன் ஊன்றுகோல் கொடுத்த திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலைப் பெயர்த்துக் கரையில் கட்டினார்கள். 1939இல் சென்னைக்கு மேயராக வந்த சத்தியமூர்த்தி, பட்டணம் தவிக்கிறது என்று போராடிக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே வாங்கிக் கொடுத்த அணை அது. 1944இல் அணை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. சத்தியமூர்த்தியைப் புகழ்கிறவர்கள் அந்த ஊரைப் பற்றிப் பேசுவதில்லை. பாட்டிக்கோ மேயர் பெயர் தெரியாது, ஊர் பெயர் தெரியும்.

அதன்பின் பட்டணத்தின் தாகம் தூரம் தூரமாகப் போயிற்று. அந்த 1983இலேயே ஆந்திராவோடு கிருஷ்ணா நீர் ஒப்பந்தம். தண்ணீர் எல்லை தாண்டி வந்தது 1996இல். பெரும்பாலான ஆண்டுகளில் ஒப்பந்த அளவு வரவில்லை. சிதம்பரம் பக்கம் பஸ்ஸில் போனால் சாலையோரம் வீராணம் குழாய்கள் கிடக்கும். ஆள் நிமிர்ந்து நடக்கலாம் போலிருந்த சிமென்ட் குழாய்கள். வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கிக் கைவிடப்பட்ட திட்டம். அவற்றில் குடும்பங்கள் இருந்தன. வாசலில் புடவைத் திரை, உள்ளே அடுப்புப் புகை. தண்ணீர் வர வேண்டிய வழியில் மனிதர்கள் குடியிருந்த அந்தக் காட்சியை ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். வீராணம் நிஜமாகவே சென்னைக்கு வந்தது 2004இல், வேறு குழாயில், நாளுக்கு 18 கோடி லிட்டர் என்ற திட்டத்தோடு.

அதற்கு முந்தைய மாதங்களை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது. குழாய் காற்றுதான் விட்டது. லாரி வரும் சத்தத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டார்கள். குடம் வைத்து இடம் பிடிப்பதில் எங்கள் தெரு மாமிகளுக்கும் பின்வரிசைக்கும் நடந்த சண்டையில்தான் இரண்டு பக்கமும் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டன. அந்த லாரித் தண்ணீரில் ஒரு பகுதி, கொசஸ்தலைப் படுகைக் கிராமங்களில் விவசாயக் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் விலைக்கு வாங்கியது. நெல் போடுவதைவிட அது லாபம் என்று பேசிக்கொண்டார்கள். அதனால் நீர்மட்டம் இறங்கிப்போன அடுத்த கிணற்றுக்காரனுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மொட்டை மாடிக் குழாயை எங்கள் பழைய கிணற்றில் திருப்பிவிட்டோம். அரசாங்கம் சொல்லிச் செய்தவற்றில் கைமேல் பலன் கண்டது இது ஒன்றுதான் என்பேன். இரண்டு மழைக்காலம் போனதும் வாளி மறுபடி நனைந்தது. கேட்டுச் சந்தோஷப்படப் பாட்டி இல்லை.

பிறகு 2015 டிசம்பர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து, அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். நாலே வருஷத்தில், 2019 ஜூனில், அதே செம்பரம்பாக்கம் வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்து வில்லிவாக்கத்தில் நின்றபோது மந்திரி பூத்தூவி வரவேற்றார். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பினால் 11 டி.எம்.சி. சொச்சம். அந்த 2015 டிசம்பரில் ஊருக்குள் புகுந்து கடலுக்குப் போனதைத் தங்கவைக்க இடம் இருந்ததே, அதில்தான் தி.நகரும் வள்ளுவர் கோட்டமும் வேளச்சேரி அடுக்குமாடிகளும் நிற்கின்றன. இடித்துவிட்டு ஏரி வெட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. பனகல் பார்க் இல்லாமல் எனக்கு வாலிபம் ஏது?

ஆனால் இனிமேல் எழும்பப்போகிற இடங்களைப் பற்றிச் சொல்லலாம். 2022இல் சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம் வட்டாரத்து ஏரிகள் பலவும் இப்போது நகரத்தின் வயிற்றுக்குள். ஏரிகள் நிறைந்த பரந்தூரில் விமான நிலையம் என்கிறார்கள். அங்கே ஏகனாபுரம் கிராமத்துக்காரர்கள் நிலம் தரமாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

தங்கை மகன் அந்தப் பக்கம் மனை பார்த்துவிட்டு வந்தான். “அப்ரூவ்டு பிளாட் மாமா, தண்ணி இருபது அடியிலேயே இருக்கு” என்றான் பெருமையாக. இருபது அடியில் ஏன் இருக்கிறது என்று கேட்டேன். கிராம வரைபடத்தில் அந்தச் சர்வே நம்பருக்கு மேற்கே என்ன போட்டிருக்கிறது, வாய்க்கால் புறம்போக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது, அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு என்றேன். தரகர் பழைய வரைபடம் எதையும் காட்டவில்லையாம். தாலுகா ஆபீசுக்கு நானே வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.