அக்டோபர் மாதத்துத் தக்காளிக்காய்

கோட்டுச்சேரியில் ஐப்பசி என்றால் அடைமழை. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையின் இரு பக்கமும் சம்பா வயல்கள் தண்ணீரில் நிற்கும். வாய்க்கால் நிறைந்து ஓடுகிறதா, வரப்பு உடைந்துவிட்டதா என்பதுதான் அந்த மாதத்துக் கவலை. உறைபனி என்ற சொல்லுக்கே அங்கே வேலை கிடையாது.

அந்த ஊரில் பிறந்து, பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் பேத்தி எடுத்துவிட்ட ஓர் அம்மாளுக்கு ஐப்பசியின் கவலை வேறு. அவருடைய துண்டுத் தோட்டத்தில் பன்னிரண்டு தக்காளிச் செடிகள் இருக்கின்றன. குலை குலையாகக் காய். பழமோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். இரவில் உறைபனி விழும் என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டது. அப்படி விழுந்தால் காலையில் இலையெல்லாம் வெந்த கீரையாகக் கறுத்துத் தொங்கும்; காய்கள் நீர்கோத்து, இரண்டே நாளில் கொழகொழத்துவிடும். அதனால் பேத்தி கைவிளக்கைப் பிடிக்க, அம்மாள் ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பார்த்துப் பறிக்கிறார்.

காரைக்கால்காரர்கள் பிரான்ஸில் தக்காளி வளர்க்கும் நிலைக்கு வந்தது நீண்ட கதை. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. எழுதிக் கொடுத்த குடும்பங்களில் பலவும் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவை. அந்தப் படைவீரரைப் புதுச்சேரிப் பக்கம் இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸைச் சுற்றியுள்ள சார்செல், லா கூர்னெவ் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு மண் கிடைப்பது தோட்டத் துண்டுகள் வழியாக. 1896-இல் ழூல் லெமிர் என்ற பாதிரியார், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் வேண்டும் என்று ஒரு சங்கம் தொடங்கினார். 'தொழிலாளர் தோட்டம்' என்று வழங்கிய அவற்றுக்கு 1952-இல் 'குடும்பத் தோட்டம்' என்ற பெயர் வந்தது. பாரிஸை ஒட்டியுள்ள ஓபெர்வில்லியே பகுதி ஒரு காலத்தில் நகரத்துக்கே காய்கறி கொடுத்த சமவெளி. அந்தச் சமவெளியின் பெயரைத் தாங்கிய முட்டைக்கோசும் வெங்காயமும் இன்றும் விதைக் கடையில் கிடைக்கின்றன. அங்கே 1935-இல் போட்ட தொழிலாளர் தோட்டத்தில் ஒரு பகுதியை, 2024 ஒலிம்பிக்கை ஒட்டிய நீச்சல்குளத் திட்டத்துக்காக 2021-இல் இடித்தபோது, தோட்டக்காரர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். சில நூறு சதுர மீட்டர் மண்ணுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

அந்த மண்ணில் தக்காளிக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. மே 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களைப் பிரெஞ்சுக் குடியானவர்கள் 'பனிப் புனிதர்கள்' நாள் என்பார்கள். அது தாண்டும் வரை நாற்றை வெளியில் நட மாட்டார்கள். மே நடுவில் நட்டால் ஜூலைக் கடைசியில் முதல் பழம். ஆகஸ்டும் செப்டம்பரும்தான் முழு அறுவடை. அக்டோபரில் பகல் சுருங்கி, இரவு குளிர்ந்து, காய் பழுப்பது நின்றுவிடும். பூத்த பூ முற்றிய காயாக வெயில் நாளிலேயே ஆறேழு வாரம் வேண்டும். ஆகவே ஆகஸ்ட் கடைசியில் செடியின் நுனியைக் கிள்ளி, புதுப் பூவையும் உதிர்த்துவிட வேண்டும். அப்போதுதான் செடியின் சத்து இருக்கிற காய்க்குப் போகும். கோட்டுச்சேரி அம்மாளுக்கு முதல் இரண்டு வருஷம் பூவைக் கிள்ள மனசு வரவில்லை. அந்த இரண்டு வருஷமும் அக்டோபரில் கூடை நிறையப் பிஞ்சுதான் மிஞ்சியது.

பறித்த காயை அவர் சமையலறை மேசையில் கொட்டிப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் நம்புவதில்லை, கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். பச்சை அடர்ந்து, சொரசொரப்பாக, கல் போல் இருந்தால் பிஞ்சு. உருண்டு திரண்டு, தோல் மினுமினுத்து, அடிப்பக்கம் வெள்ளை ஓடினால் முற்றல். அடியில் லேசாக மஞ்சளோ சிவப்போ தட்டியிருந்தால் செங்காய். சந்தேகம் வந்தால் கூரான கத்தியால் ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பார்ப்பார். விதையைச் சுற்றிக் கொழகொழப்பு உண்டாகி, கத்தி பட்டதும் விதை வழுக்கி விலகினால் அது முற்றல். விதையும் சேர்ந்து அறுபட்டால் பிஞ்சு. அந்தக் குலையில் அதே பருமனில் இருப்பவற்றை எந்தப் பெட்டியில் போட்டாலும் பழுக்காது. தோல் சுருங்கி வெம்பும்.

அமெரிக்க வேளாண் துறை தக்காளியின் நிறத்தை ஆறு படியாகப் பிரித்திருக்கிறது. முதற்படி முழுப் பச்சை. அடுத்தது, பத்து சதவீதத்துக்கு மேற்படாமல் நிறம் தட்டிய காய். அந்த இரண்டாம் படிக்குத் தமிழில் செங்காய் என்ற சொல் எப்போதிருந்தோ இருக்கிறது. பிஞ்சு, காய், முற்றல், செங்காய், பழம், அளிந்தது, அவசரப்பட்டு நிறம் மாறினால் வெம்பல். கோட்டுச்சேரி வீட்டுத் திண்ணையில் மாங்காயையும் வாழைத்தாரையும் பார்த்துச் சொன்ன சொற்கள் இவை. உறைபனி நாட்டில் தக்காளியைப் பிரிக்க அவருக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

பழுக்க வைக்கும் முறையும் அங்கிருந்து வந்ததுதான். காவிரிக் கடைமடை வீடுகளில் நெல் கொட்டும் மரப் பத்தாயம் ஒன்று கூடத்தில் நிற்கும். மாங்காய்க் காலத்தில் முற்றிய காயை அந்த நெல்லுக்குள் புதைத்து வைப்பார்கள். இல்லாவிட்டால் வைக்கோலில் மூடிப் பழுக்கப் போடுவார்கள். நாலைந்து நாளில் வீடு முழுக்க மணக்கும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. கூட்டத்தின் மேல் மாங்கனி வாரி இறைக்கும் ஊர் அது. பழுத்த பழம் எது, பழுக்கவைத்த பழம் எது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்கே சொல்லிவிடும்.

பாரிஸ் அடுக்குமாடியில் பத்தாயத்துக்குப் பதில் நிலவறை. பிரெஞ்சுத் தமிழர் அதை 'காவ்' என்பார்கள். சந்தைக் கடைக்காரர் தூக்கிப்போடும் மெல்லிய மரப்பெட்டியில் செய்தித்தாளை விரித்து, காம்பு நீக்கிய முற்றல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் ஒரே அடுக்காக வைக்கிறார். மேலே இன்னொரு தாள். நடுவில் ஒரு வாழைப்பழம். இரண்டு நாளைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, அழுகல் தட்டியதை எடுத்துவிட வேண்டும். தோலில் எண்ணெய்ப் பழுப்பாகப் புள்ளி விழுந்த காயை அவர் பெட்டியில் சேர்ப்பதே இல்லை. அது பின்கருகல் நோய். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே கிருமிதான் தக்காளியையும் தாக்குகிறது; ஒரு காயில் வந்தால் மற்றதற்கும் பரவும்.

வாழைப்பழம் என்ன செய்கிறது? அது எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. மூடிய இடத்தில் அந்த வாயு தேங்கினால், முற்றிய காய் தானும் எத்திலீனை உண்டாக்கத் தொடங்கும். ஒன்று பழுத்தால் மற்றதையும் பழுக்கவைப்பது இப்படித்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யுபோவ் என்ற ஆராய்ச்சியாளர் 1901-இல், விளக்கெரிக்கும் வாயுவில் பட்டாணி நாற்றைக் கோணலாக வளரச் செய்வது எத்திலீன்தான் என்று கண்டுபிடித்தார். பழமே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934-இல் ரிச்சர்டு கேன் நிறுவினார். கலிபோர்னியாவில் எலுமிச்சை வியாபாரிகள் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த அறையில் காயை மஞ்சளாக்குவார்கள்; சூடுதான் காரணம் என்று நம்பினார்கள். அடுப்புப் புகையில் உள்ள எத்திலீனே காரணம் என்று 1924-இல் ஃபிராங்க் டென்னி காட்டினார். நம் ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போட்டுப் புகை காட்டியவர்கள் செய்ததும் இதுவே. பேர் தெரியாமல் செய்தார்கள், ஆனால் சரியாகச் செய்தார்கள்.

அந்த நல்ல முறையை வியாபார அவசரம் கெடுத்தது. கார்பைடு கல்லை வைத்து இரண்டே நாளில் பிஞ்சையும் மஞ்சளாக்கினார்கள். அதில் வரும் அசிட்டிலீன் நிறத்தைக் கொடுக்கும், ருசியைக் கொடுக்காது. கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் உண்டு. இந்தியாவில் கார்பைடு போட்டுப் பழுக்கவைக்கத் தடை இருக்கிறது. அதற்கு மாற்றாக 2016-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை பயன்படுத்த அனுமதித்தது. பத்தாயத்தில் இருந்த அதே வாயு, இப்போது அளந்து விடப்படுகிறது.

இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் புதிதாக வந்தவர்கள் தவறுகிறார்கள். காயை ஜன்னல் வெயிலில் வரிசையாக வைக்கிறார்கள். பறித்த தக்காளிக்கு வெளிச்சம் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். இருபது டிகிரியில் முற்றல் ஒன்றிரண்டு வாரத்தில் பழுக்கும். பதின்மூன்று டிகிரி நிலவறையில் அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். பத்துக்குக் கீழே பல நாள் இருந்தால் குளிர் தாக்கி, பிறகு எத்தனை நாள் வைத்தாலும் சரியாகப் பழுக்காது. முப்பது டிகிரிக்கு மேலே சிவப்பு நிறமி உண்டாவது தடைபடும். கோடையில் நம் பக்கத்துத் தக்காளி மஞ்சளாகவே நின்றுவிடுவது அதனால்தான். பழுத்த தக்காளியையும் குளிர்பெட்டியில் வைத்தால் மணம் தரும் பொருள்கள் உண்டாவது குறைகிறது என்று 2016-இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அம்மாள் பெட்டியைப் பாதி நிலவறையிலும் பாதி சமையலறை அலமாரியிலும் வைப்பது, பழம் ஒரே நாளில் வந்து குவியாமல் கார்த்திகை வரைக்கும் வந்துகொண்டிருக்க.

பிஞ்சையும் அவர் எறிவதில்லை. தக்காளிக்காய்க் கூட்டு அவருடைய தாயார் வைத்தது. பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, நறுக்கிய காயைப் போட்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, கடைசியில் ஒரு சிட்டிகை வடகம் கிள்ளிப் போட்டுத் தாளிப்பார். வடகம் எண்ணெயில் பொரிந்து சிவக்கும் வாசனைக்கு எதிர்வீட்டுக் கதவு திறக்கும். அந்த வடகம்தான் 'வடுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் அலமாரியில் இருக்கிறது. தோட்டத்தில் அடுத்த துண்டுக்காரரான பிரெஞ்சுக் கிழவரோ தன் பச்சைக்காயை மெல்லிசாக அரிந்து, இரவெல்லாம் சர்க்கரையில் ஊறவைத்து, எலுமிச்சையோடு காய்ச்சி ஜாம் செய்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவே கூட்டும் ஜாமும் கைமாறும். 'செங்காய்' என்ற சொல்லை அம்மாள் விளக்கியபோது அவர் தலையாட்டினார். திராட்சைக்கு நிறம் தட்டத் தொடங்கும் பருவத்துக்குத் தங்களிடமும் ஒரு சொல் உண்டு, 'வெரெசோன்' என்றார்.

பேத்திக்கு இரண்டு மொழியும் தெரியும். ஆனால் வீட்டுத் தமிழில் அவள் அறிந்தது காயும் பழமும்தான். "இது எது ஆயா?" என்று ஒவ்வொன்றாக நீட்டினாள். ஆயா சொல்லச் சொல்ல, தடித்த பேனாவால் மூன்று பெட்டியிலும் எழுதினாள்: பிஞ்சு, முற்றல், செங்காய். 'ற்ற' எழுத இரண்டு தடவை அடித்துத் திருத்தினாள். ஐந்து வாரம் கழித்து, கார்த்திகை தீபத்தன்று, முற்றல் பெட்டியிலிருந்து கடைசி நான்கு பழம் ரசத்துக்குப் போனது.

உறைபனி விழும் ஊரில் தோட்டம் போட்டிருக்கும் தமிழர்கள் இந்த அக்டோபரில் காயைச் செடியோடு கருக விட்டுவிட வேண்டாம். பனி விழும் முன்னால் பறியுங்கள், தடவிப் பார்த்துப் பிரியுங்கள், ஒரு வாழைப்பழத்தோடு இருட்டில் வையுங்கள். பெட்டியின் மேல் பெயர் எழுதும் வேலையை மட்டும் வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.