பின்பலகையில் போடும் துளை

கோலார் தங்கவயலில் கோரமண்டல் என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. கடல்தான் கிடையாது. ஆனால் தண்ணீரோடு மல்லுக்கட்டிய ஊர் அது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பம்ப் ஓடினால்தான் மற்ற வேலை நடக்கும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றன, குழிகளில் தண்ணீர் ஏறியது. அந்த ஊரில் ஃபிட்டர் வேலை பழகிய நான் இப்போது கன்னியாகுமரி மாவட்டக் கரையில் அவுட்போர்டு மோட்டார் பார்க்கிறேன். இங்கேயும் மல்லுக்கட்டு தண்ணீரோடுதான்.

கட்டுமரத்துக்குத் தண்ணீரை வெளியேற்றும் வடிகுழாய் தேவையில்லை. மரங்களின் இடுக்கில் ஏறிய தண்ணீர் அதே இடுக்கில் இறங்கிவிடும். 1980களில் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜிலே உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பிளைவுட் படகுகள் கட்டினார். பிறகு ஃபைபர் வள்ளங்களும் பெருகின. உள்ளே குழிவான படகு வந்ததும் இரண்டு புதுத் தொல்லைகள் சேர்ந்தே வந்தன: தேங்கும் தண்ணீரை வெளியேற்ற ஒரு ஓட்டை, மோட்டாரைத் தாங்க ஒரு பின்பலகை. ஓட்டையையும் அந்தப் பலகையிலேயே போட்டுவிடுகிறோம்.

ஃபைபர் வள்ளத்தின் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான் இருக்கும். அதை ஊடுருவிப் போகும் வடிகுழாய் பித்தளை. உப்புத்தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல அரித்தெடுத்துவிடும். மிஞ்சுவது செம்பு நிறத்தில் உளுத்த கூடு. வெளியே விளிம்பு பளபளப்பாகவே இருக்கும். குறடால் லேசாக நெருக்கிப் பார்த்தால் பொடிந்துவிடும். அதற்குள் பிளைவுட் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்பதுதான் என் கவலை. குழாயின் விலை ஒன்றுமில்லை. சுத்தியலின் பின்முனையால் பலகையைத் தட்டிக்கொண்டே வருவேன். நல்ல இடம் கணீரென்று சொல்லும், ஊறிய இடம் சொத்தென்று சொல்லும்.

பழைய குழாயின் விளிம்பை அராவி, உள்ளிருந்து தட்டி வெளியே எடுத்துவிடலாம். பிறகு செய்யவேண்டியது காத்திருப்பது. படகுக்காரருக்குப் பிடிக்காத வேலை இதுதான். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சோறு போயிற்று. ஆனாலும் ஈரப் பலகையில் எபாக்சி பிடிக்காது. துளையின் உள்சுவர் காய்ந்த பின் எபாக்சியை ஊட்டி ஊட்டிக் குடிக்கவைத்து, கெட்டியானதும் குழாயைப் பாலியூரித்தேன் பசையோடு இறக்குகிறேன். சிலர் சிலிகோன் பூசுவார்கள். அது உரிந்து வந்துவிடும். குழாய் நுனியைச் சூடேற்றி ஆறவிட்டால் பித்தளை இளகும், விளிம்பை விரிக்கும்போது வெடிக்காது. இது சுரங்கத்து ஃபிட்டர்களிடம் கற்றது.

மோட்டார் உயரத்துக்கு வருவோம். "மெஷின் கெடந்து கத்துது அண்ணே, வள்ளம் போவல்ல" என்று வருபவர்கள் பலர். கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் நான் நேர்ச்சட்டத்தை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் குனிவேன். காற்றாடிக்கு மேலே கிடையாக இருக்கும் கேவிட்டேஷன் பிளேட், படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் தாழவோ இருக்கவேண்டும். அதற்கு மேலே போனால் காற்றாடி காற்றை இழுக்கும்; சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கூலிங் தண்ணீர் எடுக்கும் வாயும் வெளியே வந்துவிட்டால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் வறண்டு தேய்ந்துபோகும். ரொம்பத் தாழ்ந்தாலோ மோட்டாரின் கால் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும், எண்ணெய்தான் செலவாகும்.

புத்தகத்தில் உள்ள அளவு அமைதியான தண்ணீருக்கானது. எங்கள் கரையில் அலையை வெட்டிக்கொண்டுதான் இறங்கவேண்டும். அமரம், அதாவது படகின் பின்பக்கம், தூக்கும் நேரத்தில் காற்றாடி வெளியே வந்துவிடக்கூடாது. அதனால் நான் தாழ்வாக வைப்பதையே விரும்புகிறேன், கொஞ்சம் எண்ணெய் கூடப் போனாலும். வலை ஏற்றிய பாரத்தோடு அளக்கவேண்டும். வெறும் படகில் எடுத்த அளவு பாதிப் பொய்.

செகண்ட்ஹேண்ட் மோட்டார் வாங்குபவர்கள் குதிரைசக்தியைக் கேட்பார்கள், ஷாஃப்ட் நீளத்தைக் கேட்கமாட்டார்கள். 15 அங்குலப் பலகைக்கு 20 அங்குல லாங் ஷாஃப்ட் வந்து நிற்கும். கிளாம்ப் போட்ட சின்ன மோட்டாரைப் பலகையின் மேல் மரத்துண்டு வைத்து உயர்த்திவிடலாம். போல்ட் போட்ட மோட்டாருக்கு வேறு இடத்தில் துளை வேண்டும். அங்கேதான் இரண்டு வேலையும் ஒன்றாகின்றன: பழைய போல்ட் துளையை மெழுகியும் துணி திணித்தும் விட்டிருப்பார்கள், தண்ணீர் அதன் வழியே நுழைந்து பிளைவுட்டுக்குள் இறங்கி, வடிகுழாய் வரை ஊறிக் கிடக்கும். குழாய் மாற்ற வந்தவரிடம் மோட்டார் போல்ட்டையும் கழற்றச் சொல்வது அதனால்தான். சிலர் காசு பிடுங்குகிறான் என்று முணுமுணுப்பார்கள். கழற்றிய போல்ட்டில் துரு கருப்பாக ஒட்டியிருப்பதைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும்.

புதுத் துளை ஒவ்வொன்றையும் வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, காய்ந்த பின் அதன் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைக்கிறேன். போல்ட் மரத்தைத் தொடாது. முதல் பயணம் முடிந்து வந்ததும் நட்டுகளை இன்னொரு சுற்று இறுக்கவேண்டும். அதற்குக் கூலி வாங்குவதில்லை.