நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

தில்லிக்கு வரும் உறவினர் எவரையும் ஜந்தர் மந்தரைக் காட்டாமல் நாம் ஊருக்குத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம்மில் எத்தனை பேர் நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மைய வளாகத்திலுள்ள கருங்கல் தூணைக் கண்டிருக்கின்றோம்? சென்ற கோடையில் அனுமதி பெற்றுப் பார்த்து வந்தோம்.

வில்லியம் பெற்றி என்னும் கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் அமைத்தார். கம்பெனி அதனை ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. ஏறத்தாழ 10 டன் எடையுள்ள இத்தூணின்மேல்தான் தொலைநோக்கி அமர்ந்திருந்தது. அது நினைத்த திசையிலெல்லாம் திரும்பாது. வடக்கு தெற்காக மட்டுமே ஏறி இறங்கும். ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தில் குறித்தால் வானில் அதன் கிழக்கு மேற்கு நிலை தெரியும். கருவி சாய்ந்த கோணம் வடக்கு தெற்கு நிலையைச் சொல்லும். கருவி இம்மியும் அசையலாகாது. அதற்கே இத்துணைப் பெருங்கல்.

தூணில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் வாசகம் வெட்டியிருக்கின்றார்கள். ஆசியாவில் கணிதக் கலைகளை ஆங்கிலேயர் முதன்முதலாக நட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்தும் மக்கள் அறிய வேண்டுமாம்! நம் பஞ்சாங்கக் கணிதர்கள் இதைக் கேட்டு நகைத்திருப்பார்கள்.

எனினும் இங்கு நடந்த உழைப்பு மெய்யானது. டெய்லர் 1844இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 விண்மீன்களின் நிலைகள் உள்ளன. பின்னர் இங்கு முதல் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி கதிரவனைக் கடந்தபோது, அதனை விளக்கும் நூலை இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவரச் செய்தவரும் அவரே. பஞ்சாங்கத்தைக் கண்கண்ட கணக்கோடு பொருத்தித் திருத்தவும் பாடுபட்டார். அவர் பெயரை நம் பிள்ளைகள் பாடநூலில் காணவில்லையே என்பது எங்கள் மனக்குறை.

இந்திய நில அளவையும் தன் நெட்டாங்குகளை இவ்விடத்திலிருந்தே கணக்கிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது, கொண்டிருந்த மதிப்பில் ஏறத்தாழ இரண்டரைக் கலை மிகுதி எனத் தெரிந்தது. தரையில் அது நான்கு கிலோமீட்டருக்கும் மேல்! பழைய படங்களில் இந்தியா முழுவதுமே அவ்வளவு கிழக்கே தள்ளி நின்றிருக்கின்றது.

1899இல் வானாய்வு கொடைக்கானலுக்கு இடம் மாறியது. விண்மீன்களின் இடம் அளக்கும் பணியை இப்போது விண்கலங்கள் ஏற்றுள்ளன. 2013இல் ஏவப்பெற்ற கையா ஏறத்தாழ 200 கோடி விண்மீன்களை அளந்து 2025இல் ஓய்ந்தது. சென்னையில் பயன்பட்ட பழைய ஷெல்டன் கடிகாரம் கொடைக்கானலில் இருக்கின்றது. அடுத்த விடுமுறையில் அதனைக் காணச் செல்லவிருக்கின்றோம்.