சென் ஆற்றங்கரையின் புளிப்பு பியர்

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே உள்ள பாயோட்டன்லாந்து என்னும் சென் ஆற்றுப் பகுதியிலும் காய்ச்சப்படும் லாம்பிக் பியர், பெருநிறுவன பியரின் குளிர்ச்சியையும் மெல்லிய கசப்பையும் மட்டுமே அறிந்த புதியவரை முதல் மிடறிலேயே திகைக்க வைக்கிறது. அதில் புளிப்பே முந்தி நிற்கிறது. பெரும்பாலான பியர்களில் தனியே வளர்த்த ஈஸ்ட் சேர்க்கப்படுகையில், லாம்பிக்கிலோ முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத கோதுமையும் ஊறிய இனிப்புச் சாற்றைக் கொதிக்க வைத்து, அகன்ற ஆழமற்ற தொட்டியில் ஓரிரவு திறந்தபடி ஆறவிடுகின்றனர். ஆலையின் காற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் காட்டு ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் நொதித்தலைத் தொடங்கிவைக்கின்றன. (பனங்கள்ளும் எவரும் ஈஸ்ட் சேர்க்காமலே நொதிப்பதுதான்.) கோடையில் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகுமாதலால், இவ்வேலை குளிர்மாதங்களுக்கே உரியது.

ஓக் மரப் பீப்பாய்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை முதிர்ந்த லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைக்கும்போது, இளையதில் எஞ்சிய சர்க்கரை மீண்டும் நொதித்து நுரை எழுப்புகிறது. இக்கலவைக்குக் கூஸ் என்று பெயர். புளிப்புச் செர்ரி ஊறியது கிரீக். இனிப்பூட்டிய பழ லாம்பிக்குகளே கடைகளில் எளிதில் கிடைக்கின்றன என்றாலும், அவை இப்பியரின் இயல்பையே மறைத்துவிடுவதால், அவற்றில் தொடங்குவது புதியவருக்கு நல்லதன்று. ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900-இல் நிறுவப்பட்ட கான்டியோன் ஆலை அருங்காட்சியகமாகவும் இயங்குவதால், செப்புத் தொட்டியையும் பீப்பாய் வரிசைகளையும் கண்ட பின், எலுமிச்சைத் தோலும் வைக்கோலும் கலந்தாற்போல் மணக்கும் கூஸை அங்கேயே சுவைத்தறியலாம்.