முந்துகிறவரின் பொறுப்பு

டிரையத்லானில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்று பகுதிகள் உண்டு. நீச்சலில் ஒருவர் கை இன்னொருவர் மேல் பட்டால் ஒரு வாய் உப்புத் தண்ணீரோடு போகும். ஓட்டத்தில் தோள் உரசினால் ‘ஸாரி’ சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். சைக்கிளில் அப்படி முடியாது. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் இன்னொன்றைத் தொட்டால் காறையெலும்பு உடையும். மாதக்கணக்கான பயிற்சி தார்ச்சாலையில் அந்த நொடியே முடிந்துபோகும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு வேகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் முந்துவதைப் பற்றிச் சொல்கிறேன். வேகம் உடம்பில் மெல்ல வளரும். முந்தும் முறையை முதல் நாளே கற்றாக வேண்டும்.

விதியிலிருந்து தொடங்குகிறேன். ஒலிம்பிக்கில் டிரையத்லான் 2000-ஆம் ஆண்டு சிட்னியில் சேர்ந்தது. அதில் வீரர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு கூட்டமாக ஓட்டலாம். நம்மைப் போன்ற சாதாரணப் போட்டியாளர்கள் கலந்துகொள்ளும் பெரும்பாலான போட்டிகளில் அதற்கு அனுமதியில்லை. கொழும்பில் 2018-லும் கோவாவில் 2019-லும் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டிகள் இந்த வகை. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அந்த 90 கிலோமீட்டரையும் அவரவர் காலால், அவரவர் நெஞ்சால் காற்றைக் கிழித்துக்கொண்டு கடக்க வேண்டும். சமதளத்தில் வேகமாக ஓட்டும்போது நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினால் அந்த உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறோம். அடுத்தவர் வியர்வையில் ஓசிச் சவாரி.

இதைத் தடுக்க ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்னால் 12 மீட்டர் இடைவெளி வகுத்திருக்கிறார்கள். முன்னவரின் முன்சக்கர நுனியிலிருந்து பின்னவரின் முன்சக்கர நுனி வரை இந்த அளவு. இதற்குள் நுழைந்தால் 25 நொடிக்குள் முந்திவிட வேண்டும். நுழைந்துவிட்டுப் பாதியில் பின்வாங்கவும் கூடாது. மீறினால் நடுவர் நீல அட்டை காட்டுவார். தண்டனைக் கூடாரத்தில் 5 நிமிடம் நிற்க வேண்டும். மூன்று நீல அட்டை விழுந்தால் போட்டியை விட்டே நீக்கிவிடுவார்கள்.

இந்த எண்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 12 மீட்டரை 25 நொடியில் கடக்க, முன்னவரைவிட மணிக்கு ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் கூடுதல் வேகம் வேண்டும். அவர் 32-ல் போனால் நீங்கள் 34-ல் போக வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். எதிர்க்காற்றில், 60 கிலோமீட்டர் தாண்டிய கால்களுக்கு அந்த 2 கிலோமீட்டர் மிகப் பெரிது. ஆகவே முந்துவதா வேண்டாமா என்ற முடிவை 12 மீட்டர் கோட்டுக்கு வெளியிலேயே எடுத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு யோசிக்க நேரமில்லை.

அந்த முடிவை எடுக்க முன்னால் போகிறவரைப் படிக்கத் தெரிய வேண்டும். முப்பது நாற்பது மீட்டர் தள்ளியிருக்கும்போதே அவர் உடம்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரு கை பாட்டிலுக்குப் போகிறதா? முதுகுப் பையில் ஜெல் பாக்கெட்டைத் துழாவுகிறாரா? அப்படியென்றால் அடுத்த சில நொடிகளில் அவர் சைக்கிள் கொஞ்சம் அலையும், பொறுத்திருங்கள். தலை தொங்கிப்போய்ச் சாலையையே பார்க்கிறாரா? அவர் களைத்திருக்கிறார், உங்களை எதிர்பார்க்கவில்லை. ஏரோபாரில் முழங்கையை ஊன்றிப் படுத்திருக்கிறாரா? அந்த நிலையில் அவர் விரல்கள் பிரேக்கின் மேல் இல்லை. ஏதாவது நடந்தால் உடனே நிறுத்த அவரால் முடியாது. உங்கள் கையும் ஏரோபாரில் இருந்தால் உங்களாலும் முடியாது. கூட்டமான இடத்தில் முந்தும்போது நான் கைகளை பிரேக் இருக்கும் பிடிக்குக் கொண்டுவந்துவிடுவேன். காற்று கொஞ்சம் கூடுதலாக நெஞ்சில் அடிக்கும், அடிக்கட்டும்.

அடுத்தது குரல். நம் நாட்டில் சாலையின் இடது ஓரமாக ஓட்டுகிறோம். முந்துவது வலது பக்கமாக மட்டும்தான். இடப்பக்கச் சந்தில் நுழைந்து முந்துவது தவறு, ஆபத்தும்கூட. ‘ரைட்!’ என்று ஒரு சொல் போதும். சென்னையில் ஈசிஆரில் பயிற்சி செய்யும்போது ‘அண்ணா, ரைட்ல வர்றேன்’ என்போம். எந்தத் தூரத்தில் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். காதருகே போய்க் கத்தினால் அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். தலை வலப்பக்கம் திரும்பினால் தோளும் கைப்பிடியும் அதே பக்கம் சாயும். சைக்கிள் நேராக உங்கள் பாதைக்குள் வந்துவிடும். பத்து மீட்டர் இருக்கும்போதே, கூச்சலாக இல்லாமல், தெளிவாகச் சொல்லுங்கள். போட்டியில் காதில் பாட்டு கேட்கும் கருவிகளுக்குத் தடை இருப்பதற்கு இந்த ஒரு சொல் கேட்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

விலகுவதற்கு முன் உங்கள் வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை அவசியம். நீங்கள் ஒருவரை முந்தப்போகும் அதே நேரத்தில் உங்களை முந்த இன்னொருவர் வந்துகொண்டிருக்கலாம். சத்தமே இல்லாமல் 40-ல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்துவிட்டு, முன்னவரின் சக்கரத்தை நெருங்குவதற்கு வெகுமுன்பே வலப்பக்கக் கோட்டுக்கு வந்துவிடுங்கள். பின்சக்கரம் வரை ஒட்டிப் போய்க் கடைசி நொடியில் வெட்டித் திரும்புவதுதான் பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம். உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தோடு உரசினால் விழப்போவது அநேகமாக நீங்கள்தான். திசையைப் பிடித்திருப்பது முன்சக்கரம். அதைத் தட்டிவிட்டால் சமநிலையை மீட்க வழியில்லை. பக்கவாட்டில் ஒன்றரை மீட்டராவது விடுங்கள். சாலை ஓரத்தில் மணலும் கண்ணாடித் துண்டும் கிடக்கும். அதைத் தவிர்க்க அவர் சட்டென ஒதுங்கினால் அந்த ஒன்றரை மீட்டர்தான் இருவரையும் காப்பாற்றும்.

முந்திய பிறகும் வேலை முடியவில்லை. உங்கள் முன்சக்கரம் அவருடையதைத் தாண்டியதும் விதிப்படி முந்தியாயிற்று. ஆனால் அந்த நொடியே இடப்பக்கம் வெட்டினால் அவர் பிரேக்கைப் பிடித்தாக வேண்டும். இரண்டு மூன்று சைக்கிள் நீளம் போன பிறகு மெல்ல ஓரத்துக்கு வாருங்கள். இன்னும் அரை நிமிடம் அதே வேகத்தில் ஓட்டுங்கள். முந்தியதும் மூச்சு வாங்கிக்கொண்டு தளர்ந்துவிட்டால் அவர் உங்களை முந்துவார், நீங்கள் மறுபடி அவரை முந்துவீர்கள். இருவர் கால்களும் வீணாகும். பின்னால் வருகிறவர்களுக்கும் வழி அடைபடும்.

முந்தப்படுவதும் ஒரு கலைதான். மனத்துக்கு அதுவே கடினமானது. ஒருவர் பக்கத்தில் வந்ததும் கால் தானாக வேகம் எடுக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதையும் மாற்றாமல் இருப்பது. அதே கோடு, அதே வேகம். அவர் உங்கள் சக்கரத்தைத் தாண்டிய பிறகு, 12 மீட்டர் பின்தங்குவது உங்கள் கடமை. பிரேக் போட வேண்டாம். மிதிப்பதைச் சற்றே தளர்த்தினால் போதும். அவருக்கும் உங்களுக்கும் மணிக்கு 2 கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தால் 20 நொடிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். முழுதாகப் பின்தங்கிய பிறகு உங்களுக்குத் தெம்பிருந்தால் தாராளமாகத் திரும்ப முந்தலாம்.

சில இடங்களில் முந்தவே கூடாது என்பது என் கொள்கை. தண்ணீரும் வாழைப்பழமும் தரும் இடத்தில் சிலர் வேகம் குறைப்பார்கள், சிலர் கை நீட்டுவார்கள், காலி பாட்டில்கள் உருளும். அங்கே பொறுமைதான் வேகம். யூ-டர்னில் வெளிவட்டமாகப் பாய்ந்து முந்தினால் கிடைப்பது ஓரிரு நொடி. பாலத்தின் மேல் பக்கக் காற்று அடிக்கும்போது ஆழமான விளிம்புள்ள சக்கரங்கள் பாய்மரம்போல் காற்றை வாங்கும். அங்கே ஒன்றரை மீட்டரும் போதாது. சுற்றுச் சுற்றாக ஓட்டும் பாதைகளில் கடைசிச் சுற்றில் இருப்பவரும் முதல் சுற்றில் இருப்பவரும் ஒரே சாலையில்தான் வருகிறார்கள். முன்னால் போகிறவர் வாழ்க்கையின் முதல் போட்டியில், கடன் வாங்கிய சைக்கிளில், நெஞ்சு படபடக்க ஓட்டிக்கொண்டிருக்கலாம். வேகமானவருக்கு மூச்சு மிச்சமிருக்கும். அந்தப் புதியவரைக் கடக்கும்போது ‘சூப்பர், அப்படியே போங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய அடுத்த பத்து கிலோமீட்டர் லேசாகும்.

இந்தப் பழக்கங்கள் போட்டி நாளில் திடீரென்று வராது. ஈசிஆரில் விடிகாலை நாம் கடந்து போகிறவர்களில் பந்தயக்காரர்கள் குறைவு. பால் கேன் மாட்டிய சைக்கிள்காரர், மீன்கூடை கட்டிய மொபெட், வேலைக்குப் போகும் பெரியவர் என அந்தச் சாலையை நமக்கு முன்பிருந்தே பயன்படுத்துகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு 12 மீட்டர் விதி தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அவர்களையும் அதே குரலோடு, அதே ஒன்றரை மீட்டர் இடைவெளியோடு கடக்கிறவர்தான் போட்டியிலும் ஒழுங்காக முந்துவார். லைக்ரா உடுப்பும் விலையுயர்ந்த சக்கரமும் சாலையில் நமக்கு எந்த முன்னுரிமையும் தருவதில்லை.

நடுவர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். 90 கிலோமீட்டரையும் அவர்களால் பார்க்க முடியாது. பெரும்பாலான நேரம் நம்மைக் கண்காணிப்பது நாம்தான். அடுத்தவர் முதுகில் ஒளிந்து எடுத்த நேரம் பதக்கத்தின் பின்னால் பொறிக்கப்படலாம். அது உங்கள் நேரமாகாது. அடுத்தவரை விழவைத்து எடுத்த நேரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அடுத்த போட்டிக்குத் தயாராகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மிதிக்கும் திறனை அளக்கும் வாட் மீட்டரோடு பழகும் வாரங்களில் ஒரு காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். நண்பர் ஒருவரை முன்னால் ஓட்டச் சொல்லி, பின்னால் பார்ப்பது, குரல் கொடுப்பது, விலகுவது, கடப்பது, ஓரத்துக்கு வருவது என்ற ஐந்தையும் உடம்பு தானாகச் செய்யும்வரை பழகுங்கள். பிறகு இடம் மாறி, முந்தப்படவும் பழகுங்கள்.