கதவுள்ள அறை

மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தொன்றில் மாடிப் பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, அவ்வளவே வீடு. ஆங்கிலத்தில் வரும் உடல்நலக் கையேடுகளைத் தமிழாக்கித் தருவது என் தொழில். "வீட்டிலிருந்தே செய்கிற வேலைதானே! பிள்ளைகளையும் பார்த்துக் கொள்ளலாம், நாலு காசும் சேர்க்கலாம்" என்பார்கள் உறவினர்கள். சொல்வது எளிது.

2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. என் கணவரின் அலுவலகமும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. அப்போது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. மாமியும் எங்களோடு இருந்தார்கள். கதவுள்ள அறை ஒன்றுதான். அது யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. அவர் மடிக்கணினியுடன் உள்ளே சென்றார், கதவு சாத்தப்பட்டது. "வாப்பா வேலை செய்கிறார்கள், சத்தம் போடாதீர்கள்" என்று பிள்ளைகளை அடக்கியவளும் நானேதான்.

எனக்கென்று ஓரிடம் தேடினேன். சமையல் மேடையோரம் அமர்ந்தால் பாலும் பொங்கியது, வேலையும் கெட்டது. மொட்டை மாடியில் வெயில் அமரவிடவில்லை. சுபுஹுக்கு முன்பே எழுந்தால், மகன் பாயில் கையால் துழாவி, நான் இல்லையென்று உணர்ந்து விழித்துக் கொள்வான். தெருவில் போகும் தள்ளுவண்டிக்காரரின் குரல் என்னைத் தடுத்ததே இல்லை. 'உம்மா' என்ற அழைப்புதான் தடுத்தது. மற்றவர் காதில் அது ஓசை. என் காதில் அது கட்டளை.

ஒருநாள் குழந்தைகளின் காய்ச்சல் பற்றிய பக்கமொன்றை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தேன். பாரசிட்டமாலை உரிய அளவில் கொடுக்கலாம். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. இதுதான் செய்தி. வைரஸ் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் கொடுத்தால், அரிதாகவேனும், மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய் குழந்தைக்கு வரக்கூடும். அந்த இரு வரிகளுக்கிடையே மகன் மும்முறை என் முந்தானையை இழுத்தான். மகள் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தாள். இரவு இஷாவுக்குப் பின் படித்துப் பார்த்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. 'கொடுக்கக் கூடாது' என்பதற்குப் பதில் 'கொடுக்கலாம்' என்று எழுதியிருந்தேன். அப்படியே அச்சேறியிருந்தால்?

அந்தப் பக்கத்தைக் கணவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "முன்பே ஏன் சொல்லவில்லை?" என்றார்.

"நீங்கள் ஏன் கேட்கவில்லை?" என்றேன்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. தஸ்பீஹுடன் அமர்ந்திருந்த மாமிதான் தீர்ப்புச் சொன்னார்கள்: "தம்பி, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அந்த அறை அவளுக்கு. பிள்ளைகளை நீ பார். உலையை நான் பார்க்கிறேன்."

மறுநாள் அவ்வாறே நடந்தது. முதல் வாரம் கதவு ஓயாமல் தட்டப்பட்டது. பிறகு கதவின் கைப்பிடியில் ஒரு நீலத் துணியைக் கட்டினோம். துணி இருந்தால் உம்மா வேலையில் இருக்கிறாள் என்பதை மகள் விரைவில் கற்றுக் கொண்டாள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அடையாளம் விளங்காது. அவனுக்குத் தேவைப்பட்டது தூக்கிக் கொள்ளும் ஒரு கை. அது அவனுடைய வாப்பாவின் கையாக இருந்தது. கைப்பேசியை மாமியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து அமர்வேன். கவனம் வேண்டும் பணிகளை அந்த இரண்டு மணி நேரத்தில் முடிப்பேன். பக்க எண் சரிபார்த்தல், தலைப்புகளை ஒழுங்குபடுத்தல் போன்றவற்றைப் பிள்ளைகள் அருகில் விளையாடும்போதே செய்தேன்.

ஆயினும் பிள்ளையின் அழுகையைப் பகையாக நான் எண்ணவில்லை. தொழுகையை நீட்ட நினைத்து நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகை கேட்டதும் அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள் என்பதை நாம் அறிவோம். உண்மையான அழுகை கேட்டால் நானும் கதவைத் திறந்து விடுவேன்.

ஊரடங்கு தளர்ந்து நூலகங்கள் மீண்டும் திறந்தபின், ஞாயிறுகளில் அடையாற்றைக் கடந்து கோட்டூர்புரம் போகத் தொடங்கினோம். 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், நம் சொந்த நூல்களை எடுத்துச் சென்று படிக்கத் தனிப்பிரிவு உண்டு. சிறுவர் பிரிவில் செயற்கை மரம் ஒன்று நிற்கிறது. அதனடியில் பிள்ளைகளும் அவர்களின் வாப்பாவும், கீழே நான். நுழைவதற்குக் கட்டணமில்லை.

தனியறை எல்லா வீட்டிலும் இராது. எங்கள் வீட்டில் அறை இருந்தது. அது எனக்கும் உரியது என்ற எண்ணம்தான் இல்லாதிருந்தது. அமைதியை நான்கு சுவர்கள் தருவதில்லை. இவள் செய்வதும் வேலைதான் என்று வீட்டார் மனதார ஏற்கும்போது அது தானே வருகிறது. சகோதரிகளே, கேளுங்கள். சகோதரர்களே, கேட்கும்வரை காத்திராதீர்கள்.